பதினோராம் பொருத்தம்

சுழி என்ற சொல்லைப் போட்டவன் நான்தான். பழியை வேறு யார்மேலாவது தள்ளலாமா என்று நாலு வருஷமாகப் பார்த்துவிட்டேன். தோதான ஆள் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. எனக்கு அப்போது அறுபத்தேழு வயது. காங்கயத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். மாடு ஓட்டுகிற ஊரில் நான் காந்தம் ஓட்டினேன். மற்றபடி ஊருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. என்னைக் காந்தக்காரய்யா என்பார்கள். ஒரு கல்யாண வீட்டுக்கு நான் போனபோது பந்தியில் எவர்சில்வர் டம்ளர்களெல்லாம் என் இலைப்பக்கம் நகர்ந்து வந்தன என்று ஒரு பேச்சு உண்டு. அது மிகை. இரண்டு டம்ளர்தான் வந்தன.

அந்த வருஷம்தான் இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதை அளக்கும் புது இயந்திரம் வந்தது. பழையது மாதிரி 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று முக்கால் மணி நேரம் உயிரை வாங்காது. ஏழு நிமிஷம். உள்ளே படுத்தவர் குறட்டை விட்டாலும் அதற்குக் கவலையில்லை. ரத்தம் எந்தப் பக்கம் போகிறது, என்ன வேகம், எங்கே திரும்புகிறது என்று நூல் நூலாகத் திரையில் வரைந்துவிடும். வேகமாகப் போனால் சிவப்பு நூல், மெதுவாகப் போனால் நீல நூல். அதில் ஒரு விஷயம் தெரிந்தது. ரத்தம் இதயத்துக்குள் நுழைந்ததும் நேரே வெளியே ஓடாது. மடை திறந்த குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கிளம்பும். எல்லா மனிதருக்கும் அப்படித்தான். எதிர்க்கட்சிக்காரருக்கும் அப்படித்தான்.

இந்தச் சுற்றுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று முதலாளி என்னைக் கேட்டார். சுழல் என்று போட்டேன். படிவத்தில் அந்தக் கட்டத்தைச் செய்த புண்ணியவான் இரண்டு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தான். 'ல்' வெளியே போய் நின்றது. சுழி என்று மாற்றினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு 'ல்' உட்கார இடம் இருந்திருந்தால் இத்தனை அசிங்கத்தையும் நான் பார்த்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் சுழி என்றால் மாட்டின் உடம்பில் மயிர் வட்டமாகச் சுருண்டிருக்கும் இடம். அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் சந்தையில் மாடு பிடிப்பார்கள். ஒரு சுழி இருந்தால் வீடு விளங்கும். இன்னொரு சுழி இருந்தால் எஜமானனைக் கொன்றுவிடும். இப்படிப்பட்ட ஜனங்கள் கையில், 'சுழி: ஒன்று. திசை: இடம்' என்று முத்திரை குத்திக் காகிதம் கொடுத்தால் என்ன செய்வார்கள்? நேராக நாச்சிமுத்துவிடம் போனார்கள்.

நாச்சிமுத்து மாட்டுத் தரகர். நாற்பது வருஷ அனுபவம். இதயப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நல்ல சுழிங்க, பால் வளம் உண்டு" என்றாராம். அது ஒரு மளிகைக் கடைக்காரருடைய படம்.

ஆறு மாதத்தில் அவர் எங்கள் சென்டர் வரவேற்பறையிலேயே ஒரு நாற்காலியைப் பிடித்துவிட்டார். ஒரு வருஷத்தில், கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தது போக, சுழிப் பொருத்தம் பதினொன்றாவதாகச் சேர்ந்துகொண்டது. பெண்ணின் ஜாதகத்தோடு இதயப் படமும் அனுப்பவும் என்று விளம்பரமே வந்தது. சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், தெரியுமல்லவா? எங்கள் வரவேற்பறையில், குளிர்சாதனக் காற்றில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், நாலைந்து துண்டுகள் அசைந்துகொண்டிருக்கும். பேச்சு மாட்டைப் பற்றி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்மலைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிற பெண்ணைப் பற்றி.

"ஏனுங் நாச்சிமுத்து, மாப்பிள்ளைக்குச் சுழி பாக்கறதில்லையா? காளைக்குப் பாப்பீங்களே?" என்று கேட்டேன்.

"அது விக்கறப்பப் பாக்கறதுங்."

"மாப்பிள்ளையை விக்கறதில்லையாக்கும்?"

"அய்யாவுக்குக் குசும்பு ஜாஸ்திங்" என்று வெற்றிலை வாயோடு சிரித்தார். துண்டுக்குள் இருந்த விரலை மட்டும் விடவில்லை.

இந்த லட்சணத்தில்தான் மிருதுளா வந்தாள். இருபத்துமூன்று வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிறவள். அப்பா லோகநாதன், மாட்டுத் தீவனக் கடை. மாப்பிள்ளை வீடு கொஞ்சம் பெரிய இடம். மாப்பிள்ளையின் அப்பா ஈஸ்வரமூர்த்திக்கு மூன்று தேங்காய்க் களம். அவர்கள் சுழி பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் படுத்த நாலாவது நிமிஷத்திலேயே அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்துவிட்டது. இதயத்தைவிட்டு மேலே ஏறும் பெரிய குழாயில் ரத்தம் நேராகப் போகவில்லை. தடித்த சிவப்புக் கயிறாக, வலது பக்கம் முறுக்கிக்கொண்டு போனது. டாக்டர் பர்வீனைக் கூப்பிட்டேன். எங்கள் சென்டரில் நல்ல புத்தி உள்ள ஒரே ஆள் அவர்தான். சம்பளம் எல்லோரையும்விடக் குறைவு.

"வால்வுல மூணு இதழ் இருக்கணும். இவளுக்குப் பிறவியிலயே ரெண்டுதான்" என்றார் டாக்டர். "அதனால ரத்தம் சாய்வா பீய்ச்சி அடிச்சு, குழாய்ச் சுவத்துல மோதி, முறுக்கிக்கிட்டுப் போகுது. சுவரைப் பாருங்க அய்யா."

"பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஒரு பக்கம் உப்பியிருக்கே."

"அஞ்சரை சென்டிமீட்டர். கிழிஞ்சா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வர மாட்டா."

"எப்போ கிழியும்?"

"இன்னைக்கா இருக்கலாம். அஞ்சு வருஷமும் ஆகலாம். அந்த வால்வையும் குழாயையும் மாத்திட்டா, நம்ம ரெண்டு பேரையும் சுடுகாட்டுக்கு அனுப்பிட்டு அவ பாட்டுக்கு இருப்பா. சீக்கிரம் பண்ணணும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் தன் கடமையைச் செய்துவிட்டது. வரவேற்பறையில் காகிதம் வெளியே வந்தது. 'சுழி: ஒன்று. திசை: வலம். அளவு: மிகப் பெரிது.' நாச்சிமுத்து வாங்கிப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வலம்புரிங்" என்றார். "ஆயிரத்துல ஒண்ணுங். சங்குல வர்றதே அபூர்வம். நெஞ்சுக்குள்ள வந்திருக்குது."

வரவேற்பறையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். ஓர் அம்மாள் மிருதுளாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு பலன் சொல்லியிருப்பார்கள்.

மறுநாளே ஈஸ்வரமூர்த்தி ஐந்து பழத்தட்டோடு லோகநாதன் வீட்டில் இறங்கிவிட்டார். ஆவணியில் முகூர்த்தம். நகை எதுவும் வேண்டாம் என்று சொன்னாராம். அதைக் கேட்டு லோகநாதன் அழுதுவிட்டாராம்.

டாக்டர் பர்வீன் லோகநாதனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படத்தைக் காட்டி, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். நானும் இருந்தேன். மனுஷன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி.

"ஆபரேசன் பண்ணுனா சுழி என்னங்க ஆகும்?"

"போயிடும். போறதுக்குத்தான் ஆபரேஷன்."

"அப்பக் கல்யாணம் முடியட்டுங்க, பாத்துக்கலாம்."

"கல்யாணம் வரைக்கும் அவ இருக்கணுமே சார்."

"இத்தன வருசம் இருந்துச்சுங்களே" என்றார். நல்ல மனுஷன்தான். தீவன மூட்டையில் ஒரு கிலோ குறைந்தாலும் ராத்தூக்கம் வராதவர். மகள் என்று வந்தபோது மட்டும் தராசு வேறு மாதிரி வேலை செய்தது.

டாக்டர் ஈஸ்வரமூர்த்திக்கும் போன் போட்டார். "எங்க ஊட்டுக்கு வர்ற வலம்புரிய அறுத்து எடுக்கறதுக்கு எவன் உனக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்று அந்தப் பக்கம் சத்தம். பதினொரு நாள் டாக்டர் விடவில்லை. அவள் செத்துப்போவாள், செத்துப்போவாள் என்று இரண்டு வீட்டிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். நடுவில் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

மிருதுளா ஒருநாள் தனியாக வந்தாள்.

"என்னைய யாருமே கேக்கலீங்களே அய்யா" என்றாள்.

"உனக்கு வயசு வந்திருச்சு அம்மிணி. நீயே கையெழுத்துப் போட்டு ஆபரேஷன் பண்ணிக்கலாம். யாரும் தடுக்க முடியாது."

"பண்ணிட்டுங்? நெஞ்சைப் பொளந்துட்டு மூணு மாசம் படுத்திருக்கோணும். எந்த ஊட்டுலங் படுத்துக்கறது?"

நான் என் வீட்டில் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்.

அதன் பிறகுதான் ஒரு பொய் சொல்லத் தீர்மானித்தேன். நான் பொய் பேசுகிறவன் இல்லை என்பது உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். டாக்டரிடம் சொன்னேன். "வேண்டாம் அய்யா. அவங்க நம்பிக்கைக்கு நாமளே தீனி போட்டா அது நம்ம கையில நிக்காது" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, பஸ் ஏறி ஈஸ்வரமூர்த்தியின் களத்துக்குப் போனேன்.

வெயிலில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய் வாடை தொண்டையில் ஒட்டியது. ஈஸ்வரமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, பக்கத்தில் நாச்சிமுத்துவும் இருந்தார்.

"வலம்புரி வருதாமா ஊட்டுக்கு?" என்றேன்.

"ஆமாங்க. எல்லாம் உங்க மிசினு புண்ணியம்."

"கட்டினதா, கட்டாததா?"

ஈஸ்வரமூர்த்தி நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து என்னைப் பார்த்தார்.

"கட்டறதுன்னா என்னங்க?"

"சுழி பெருசா இருந்தா ஒரே இடத்துல நிக்காதுங்க. அலையும். அலையற வலம்புரி புகுந்த ஊட்டுக்குள்ள கால் வெச்சு நாப்பத்தெட்டு நாளைக்குள்ள மாமனாரைக் கேக்கும்."

"கேக்கும்னா?"

"கேக்கும்" என்றேன். அதற்கு மேல் விளக்கினால் பொய் நீர்த்துப்போகும்.

அவர் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. "ஏனப்பா நாச்சிமுத்து, அப்படி உண்டா?"

இங்கேதான் எனக்கு நாச்சிமுத்துமேல் முழு நம்பிக்கை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்பது வருஷத் தொழில் அந்தக் களத்திலேயே கவிழ்ந்துவிடும்.

"உண்டுங்" என்றார். "எங்கப்பன் சொல்லுவாருங். மொதல்ல வயித்தால போகும். அப்பறம் எடது கால் வீங்கும். தீத்திபாளையத்துல ஒருத்தரு நாப்பத்தேழாம் நாள் போனாருங்." இதெல்லாம் நான் சொல்லவே இல்லை.

"கட்டறதுக்கு என்ன பண்றது?"

"நெஞ்சைத் திறந்து தெச்சுக் கட்டுவாங்க. கோயமுத்தூர்ல பெரிய டாக்டருங்க பண்றாங்க. கட்டிட்டா அப்பறம் அசையாது. படம் எடுத்தாலும் தெரியாது, உள்ளுக்குள்ளயே பதிஞ்சிரும்."

அவள் சாவாள் என்று டாக்டர் பதினொரு நாள் சொன்னார், ஒருத்தர் அசையவில்லை. ஈஸ்வரமூர்த்தி சாவார் என்று நான் ஒரே தடவை சொன்னேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மிருதுளாவுக்குக் கோயம்புத்தூரில் கட்டில் ஏற்பாடாகிவிட்டது. செலவு முழுக்க அவருடையது. கார் அவருடையது. ஆபரேஷன் நடந்த ஆறு மணி நேரமும் ஆஸ்பத்திரிப் பிள்ளையாரை அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். பார்த்தவர்கள், மருமகள்மேல் என்ன பாசம் என்று உருகினார்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வால்வு புதுசு, குழாய் புதுசு. படத்தில் ரத்தம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காகப் போனது.

"உயிரைக் காப்பாத்திட்டீங்க. சந்தோஷம்" என்றார் டாக்டர் பர்வீன். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "இனிமே நல்லா இருக்கறவங்க வந்து கட்டிவிடச் சொன்னா, நீங்கதான் கத்தியை எடுத்துட்டுப் போகணும்."

"யாரும்மா வருவாங்க? நெஞ்செலும்பை அறுக்கற வேலை."

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். (டம்ளர் விஷயம் இந்தப் பந்தியில்தான்.) மணவறையில் மிருதுளா. ரவிக்கைக் கழுத்தைக் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொல்லியிருந்தார்கள், தழும்பின் மேல்முனை தெரிவதற்காக. அதில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மாமியார்க்காரி வருகிற சொந்தபந்தம், ஒரம்பரைக்கெல்லாம் மருமகளின் முந்தானையை இரண்டு விரலால் விலக்கி, "கட்டின வலம்புரிங்க" என்று காட்டிக்கொண்டிருந்தாள். ஆண்களும் எட்டிப் பார்த்தார்கள், பக்தியோடு. மிருதுளா மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாயசம் சாப்பிடவில்லை.

முதல் ஆள் அடுத்த மாதமே வந்தார். மகளுக்குச் சுழி சாதாரணம்தான், இருக்கிற சுழியையாவது கட்டிவிட முடியுமா என்று கேட்டார். டாக்டர் அவரைத் திட்டி அனுப்பினார். அப்புறம் மூன்று பேர். அப்புறம் வாரத்துக்கு ஏழெட்டு. ஒவ்வொருத்தரிடமும் நான், "அது பொய்ங்க, நான்தான் சொன்னேன்" என்றேன். "அய்யா அடக்கமா சொல்றாரு" என்று எழுந்து கும்பிட்டார்கள். வாழ்க்கையில் நான் உண்மை சொல்லி ஒருத்தர்கூட நம்பாதது இந்த வருஷம்தான்.

போன வாரம் மிருதுளாவே வந்தாள். கல்யாணமாகிப் பதினொரு மாதம். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தாள், படியேறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. கூடவே ஒரு பெண்.

"எந்தங்கச்சிங், நேத்ரா. பத்தொம்பது வயசு. இவளுக்கும் எடம் பாத்திருக்குதுங்."

நேத்ராவைப் படுக்க வைத்தேன். ஏழு நிமிஷம். நாற்பது வருஷத்தில் இத்தனை நேர்த்தியான இதயத்தை நான் பார்த்ததில்லை. மூன்று இதழும் கல்யாணப் பத்திரிகை மாதிரி விரிந்து மூடின. மேசையை வெளியே இழுத்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, அருமையா இருக்கு, கூட்டிட்டுப் போ" என்றேன்.

"எனக்குப் பண்ணுன மாதிரி இவளுக்கும் கட்டிப்போடோணுங் அய்யா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டறதுன்னு ஒண்ணு கிடையாதும்மா! நீ சாகக் கிடந்தே. உன் மாமனாரை மிரட்டறதுக்கு நான் சொன்ன பொய் அது."

"தெரியுமுங்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாந் தெரியுமுங். மயக்கம் தெளிஞ்ச மறுநாளே நம்ம டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து படம் போட்டுக் காமிச்சுட்டாங்க."

"தெரிஞ்சுமா இவளைக் கூட்டிட்டு வந்தே?"

அவள் தங்கையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள். "எங்க ஊட்டுல எனக்கு முன்னால வந்த மருமக ஒருத்தங்க இருக்கறாங்க. அவங்களுக்கு சாதாச் சுழி. அவங்க அடி வாங்காத வாரமில்லீங்க. போன மாசம் கை ஒடிஞ்சுது. எம்மேல மட்டும் இந்தப் பதினொரு மாசத்துல ஒரு விரல் படலீங்க. எங்கூட்டுக்காரரு ஒருக்கா கையை ஓங்குனாரு. மாமா களத்துல இருந்து ஓடியாந்து புடிச்சுக்கிட்டாரு. அடிச்சா கட்டு அவுந்துருமாம். அவுந்தா அவரைக் கேக்குமாம்."

நேத்ரா மேசையில் உட்கார்ந்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவளுக்குப் பாத்திருக்கற எடம் எங்க ஊட்டைவிட மோசமுங்" என்றாள் மிருதுளா. "அப்பாகிட்டச் சொல்லிப் பாத்துட்டேன். கேக்கற மாதிரி இல்லீங்க."

"அதுக்காக நல்லா இருக்கற இதயத்தை அறுக்கறதா? எந்த டாக்டரும்மா செய்வாங்க?"

"இதயத்தை எதுக்குங் அய்யா தொடோணும்? டாக்டரம்மாவைத் தோலுல மட்டும் நீளமா ஒரு கோடு கிழிச்சு, தெச்சு உடச் சொல்லுங்க. தழும்பு நல்லாத் தெரிஞ்சாப் போதும்" என்றாள். "உள்ள யாருங்க பாக்கப் போறாங்க?"

இதயத்துக்கு உள்ளே பார்ப்பதற்கென்றே செய்த, எட்டு டன் எடையுள்ள இயந்திரத்தின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.